வைட்டமின் மாத்திரை

சென்ற மாதம் ஒரு வாசகி எனக்குக் கடிதம் எழுதியிருந்தார். எழுத்தாளனுக்கு வரும் கடிதங்கள் பெரும்பாலும் இரண்டு ஜாதி. 'உங்கள் கதையின் முடிவு எனக்குப் பிடிக்கவில்லை' என்பது ஒன்று. 'நானும் ஒரு கதை எழுதியிருக்கிறேன்' என்பது மற்றொன்று. இந்தக் கடிதம் இரண்டிலும் சேராதது.

அந்த அம்மாளுக்கு ஒரே பிள்ளை. மூன்று வருஷமாக அவனுக்குச் சித்தம் சரியாக இல்லை. வைத்தியம் நடக்கிறது. பாதி குணம், பாதி இல்லை. இந்த நிலையில் எங்கோ ஒரு செய்தி படித்திருக்கிறார். வேறு வியாதிக்காக ஏற்பட்ட மருந்து ஒன்று மனநோய்க்கும் கேட்கிறதாம். 'அந்த மாத்திரை எங்கள் ஊர்க் கடையிலேயே கிடைக்கிறது. டாக்டரைக் கேட்டால் சிரிக்கிறார். கொடுத்துப் பார்க்கலாமா? உங்கள் நாவலில் வருகிற டாக்டர் ரொம்ப நல்லவர். அதனால்தான் உங்களைக் கேட்கிறேன்' என்று முடித்திருந்தார்.

என் நாவலில் வருகிற டாக்டருக்கு வைத்தியம் தெரியாது. அவருக்குத் தெரிந்ததெல்லாம் நான் எழுதிக்கொடுத்த வசனம்தான். ஆனாலும் அந்த அம்மாளுக்குப் பதில் சொல்ல எனக்கு வேறு ஒரு தகுதி உண்டு. அவர் செய்யலாமா என்று கேட்கும் காரியத்தை நான் யாரையும் கேட்காமல் ஒரு தடவை செய்தே பார்த்திருக்கிறேன்.

என் தம்பி என்னைவிட ஆறு வயது சிறியவன். படிப்பில் கெட்டிக்காரன், பிறர் எழுத்தில் குற்றம் கண்டுபிடிப்பதில் அதைவிடக் கெட்டிக்காரன். என் கதைகளுக்கு முதல் வாசகன் அவன்தான். "அண்ணா, உன் கதாநாயகிகளுக்கெல்லாம் வேற வேலையே கிடையாதா? எப்பப் பார்த்தாலும் ஜன்னல் கம்பியைப் பிடிச்சுண்டு நிக்கறாளே!" என்பான். அவனுக்குப் பயந்தே பல கதாநாயகிகளை நான் ஜன்னலை விட்டு இறக்கியிருக்கிறேன்.

இருபத்து நாலாவது வயதில், ஓர் ஐப்பசி மாதத்து இரவு, அவன் என்னை எழுப்பினான். மாடியில் யாரோ தன்னைப் பற்றிப் பேசுகிறார்கள் என்றான். எங்கள் வீட்டுக்கு மாடியே கிடையாது.

அதற்குப் பிறகு நடந்ததை விஸ்தரிக்க விரும்பவில்லை. இப்படிப்பட்ட வீடுகளில் இருப்பவர்களுக்கு அது தெரியும். மற்றவர்களுக்குத் தெரிய வேண்டாம். கடைசியில் திருச்சியில் ஒரு நல்ல டாக்டர் கிடைத்தார். அவர் கொடுத்த மாத்திரையில் சில மாதங்களுக்குள் மாடிக் குரல்கள் அடங்கின. ஆனால் குரல்கள் போனதே தவிர, தம்பி திரும்பி வரவில்லை. ரேழியில் சாய்வு நாற்காலியைப் போட்டுக்கொண்டு தெருவைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பான். சாப்பிடக் கூப்பிட்டால் வருவான், கூப்பிடாவிட்டால் இல்லை. என் கதை வந்த பத்திரிகையை அவன் பக்கத்தில் வைத்துவிட்டுப் போவேன். மாலையில் வந்து பார்த்தால் வைத்த இடத்தில் வைத்தபடியே இருக்கும். அப்படி ஏழு வருஷம் ஓடியது.

2016-ஆம் வருஷம் ஒரு நண்பர் என்னிடம் ஆங்கிலப் பத்திரிகைத் துண்டு ஒன்றைக் கொடுத்தார். மினோசைக்ளின் என்று ஒரு மருந்து. கிருமிகளைக் கொல்லும் ஆன்டிபயாடிக். முகப்பருவுக்குச் சாதாரணமாகக் கொடுப்பது. இந்த மருந்தைக் கொடுத்தபோது சித்தப் பிரமை கொண்ட சிலர் தெளிந்ததாக 2007-ல் ஜப்பானிய டாக்டர்கள் எழுதினார்களாம். பிறகு இஸ்ரேலிலும், பாகிஸ்தானிலும், பிரேசிலிலும் சோதித்தார்களாம். முக்கியமாக, குரல்கள் அடங்கிய பிறகும் உற்சாகம் இல்லாமல் முடங்கிக் கிடப்பவர்களுக்கு நல்ல பலன் தெரிந்ததாம்.

அந்தக் கடைசி வாக்கியம் என் வீட்டு ரேழியைப் பார்த்து எழுதியதுபோல இருந்தது. துண்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நேரே மருந்துக் கடைக்குப் போனேன். சீட்டு இல்லாமலே மாத்திரை கிடைத்தது. "பருவா ஸார்?" என்று கேட்டார் கடைக்காரர். "ஆமாம், பெண்ணுக்கு" என்றேன். இரண்டு அட்டை கொடுத்தார். கதை எழுதுகிறவனுக்குப் பொய் சொல்வது எவ்வளவு சுலபம் என்பதை அன்றைக்குக் கண்டேன். வீட்டுக்கு வந்து தம்பியிடம் இரண்டாவது பொய்யைச் சொன்னேன்: "வைட்டமின் மாத்திரைடா. ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் ஒண்ணு போட்டுக்கோ."

அவன் ஒன்றும் கேட்காமல் வாங்கி விழுங்கினான்.

மூன்றாம் நாள் அவன் முகத்தில் ஒரு தெளிவு தெரிந்தது. நாலாம் நாள் தெருவில் போன நாயைப் பார்த்து ஏதோ சொன்னான். ஐந்தாம் நாள் சாயங்காலம் நான் வீட்டுக்குள் நுழைந்தபோது என் கதை வந்த பத்திரிகை அவன் மடியில் விரிந்து கிடந்தது. வாசகர்களே, அந்த நிமிஷத்தில் எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை எந்தக் கதையிலும் எந்தப் பாத்திரத்துக்கும் நான் கொடுத்ததில்லை. கொல்லைப்புறம் போய், கிணற்றடியில் நின்று அழுதேன். திருச்சி டாக்டர் ஏழு வருஷத்தில் செய்யாததை நான் ஐந்து நாளில் செய்துவிட்டேன்!

பதினோராம் நாள் காலை, பல் தேய்க்கக் கொல்லைப்புறம் போனவன் தலை சுற்றித் துவைக்கிற கல்லின் மேல் விழுந்தான். புருவத்துக்கு மேல் நாலு தையல்.

அவனை அழைத்துக்கொண்டு திருச்சிக்குப் போனேன். தம்பியை வெளியே உட்காரவைத்துவிட்டு, டாக்டரிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அவர் கோபித்துக்கொள்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் மீதி மாத்திரை அட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இந்த மருந்துக்குத் தலைசுத்தல் உண்டு. அட்டையோட வர்ற காகிதத்திலேயே போட்டிருப்பான். நீங்க படிக்கலையா?"

"படிக்கவில்லை. பத்திரிகைத் துண்டைத்தான் படித்தேன்."

"ம். அது போகட்டும். வேற வியாதி மருந்து மனசுக்குக் கேக்குமான்னு நீங்க நெனச்சதிலே தப்பே இல்லை ஸார். எங்க அலமாரியிலே பாதி மருந்து அப்படி வந்ததுதான்" என்றார்.

பிறகு அவர் அரை மணி நேரம் பேசினார். அவர் சொன்னதையும் பின்னால் நான் தேடிப் படித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன்.

நியூயார்க் நகரத்தைச் சேர்ந்த ஸ்டேடன் தீவில் 'ஸீ வியூ' என்று ஒரு க்ஷயரோக ஆஸ்பத்திரி இருந்தது. 1952-ஆம் வருஷம் அங்கே ஸெலிகாஃப், ராபிட்ஸெக் என்ற டாக்டர்கள் புது மருந்துகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். ஐஸோநியாஸிட் ஒன்று, அதன் உடன்பிறப்பான ஐப்ரோநியாஸிட் மற்றொன்று. நோயாளிகள் பிழைக்க மாட்டார்கள் என்று கைவிடப்பட்டவர்கள். மருந்து உள்ளே போனதும் அவர்களுக்குப் பசி எடுத்தது, எடை ஏறியது. அதோடு நிற்கவில்லை. படுக்கையோடு கிடந்தவர்கள் எழுந்து சிரித்தார்கள், பேசினார்கள், நடைகூடத்தில் நடனம் ஆடினார்கள். அந்தப் படங்கள் பத்திரிகைகளில் வெளியாயின. நுரையீரலில் ஓட்டை இருக்கும்போதே மனசு ஆடியது! ஐப்ரோநியாஸிட் சாப்பிட்டவர்களிடம் இந்த உற்சாகம் அதிகமாகவே தெரிந்தது. முதலில் இதை மருந்தின் பக்க விளைவு என்று குறித்துவைத்தார்கள். 1957-ல் நாதன் கிளைன் என்ற மனநோய் நிபுணரும் அவருடைய சகாக்களும், க்ஷயம் இல்லாமல் மனச்சோர்வு மட்டும் உள்ளவர்களுக்கு இதே மருந்தைக் கொடுத்துப் பலன் கண்டதை வெளியிட்டார்கள். மனச்சோர்வுக்கு என்று உலகம் கண்ட முதல் மருந்துகளில் ஒன்று இப்படித்தான் க்ஷயரோக வார்டிலிருந்து எழுந்து வந்தது.

என் தம்பி சாப்பிடும் மாத்திரையின் பூர்வீகமும் இதே மாதிரிதான். லபோரி என்ற பிரெஞ்சுக் கடற்படை சர்ஜன், ஆபரேஷன் அதிர்ச்சியைத் தணிக்க ஒரு மருந்தைத் தேடிக்கொண்டிருந்தார். குளோர்புரோமஸின் என்ற மருந்தைக் கொடுத்தபோது நோயாளிகள் தூங்காமலே அமைதியாக இருப்பதைப் பார்த்தார். 1952-ல் பாரிஸ் நகரத்து ஸேன்ட் ஆன் ஆஸ்பத்திரியில் டிலே, டெனிக்கர் என்ற டாக்டர்கள் அதைச் சித்தப் பிரமைக்குக் கொடுத்தார்கள். நம் நாட்டுச் சர்ப்பகந்தி வேரின் கதை இன்னும் வேடிக்கையானது. பாம்புக் கடிக்கும் பைத்தியத்துக்கும் நாட்டு வைத்தியர்கள் கொடுத்துவந்த வேர் அது. கல்கத்தாவில் கணநாத் ஸென், கார்த்திக் சந்திர போஸ் என்ற இருவர் 1931-லேயே அதைப் பற்றி எழுதினார்கள். பம்பாய் டாக்டர் ருஸ்தம் ஜால் வகீல் 1949-ல் அது இரத்தக் கொதிப்பைக் குறைக்கிறது என்று எழுதினார். பிறகு அந்த வேரின் ஸத்தை எடுத்து, ரெஸர்பின் என்று பெயரிட்டு, 1954 வாக்கில் அமெரிக்க மனநோய் ஆஸ்பத்திரிகளில் கொடுத்தார்கள். அதைச் செய்தவர்களில் ஒருவர் அதே நாதன் கிளைன்.

இதையெல்லாம் கேட்கக் கேட்க எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது.

"அவர்களும் கொடுத்துத்தானே பார்த்தார்கள், டாக்டர்? நானும் கொடுத்துப் பார்த்தேன். என் கண்ணால் அவன் தெளிந்ததைப் பார்த்தேன். நான் செய்தது மட்டும் எப்படித் தப்பாகும்?"

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "கண்ணால் பார்த்த இன்னொருத்தர் கதையையும் கேளுங்கோ" என்றார்.

அமெரிக்காவில் நியூஜெர்ஸி மாகாணத்தில் டிரென்டன் என்று ஓர் ஊர். அங்கே இருந்த மனநோய் ஆஸ்பத்திரிக்கு 1907 முதல் 1930 வரை தலைவராக இருந்தவர் ஹென்றி காட்டன். கெட்ட மனிதர் அல்ல. நோயாளிகளைக் கட்டிப்போடுவதை நிறுத்தியவர். 1913-ல் ஒரு கண்டுபிடிப்பு வெளியாயிற்று. பைத்தியத்தில் ஒரு வகை, மூளையில் புகுந்த மேகநோய்க் கிருமியால் வருகிறது என்று நொகுச்சி, மூர் என்ற இருவர் காட்டினார்கள். அது சத்தியமான கண்டுபிடிப்பு. பிற்காலத்தில் பெனிசிலின் வந்ததும் அந்த வகைப் பைத்தியம் ஆஸ்பத்திரிகளிலிருந்து ஏறக்குறைய மறைந்தே போய்விட்டது. ஆனால் காட்டன் ஒரு படி மேலே போனார். எல்லாப் பைத்தியத்துக்கும் உடம்பில் எங்கோ ஒளிந்திருக்கும் கிருமிதான் காரணம் என்று முடிவு கட்டினார். ஆன்டிபயாடிக் இல்லாத காலம். ஆகவே கிருமி இருக்கும் இடத்தையே வெட்டி எடுத்தார். முதலில் பல், பிறகு தொண்டைச் சதை, பிறகு பெருங்குடல். நூற்றுக்கு எண்பத்தைந்து பேர் குணமானார்கள் என்று சொன்னார். 1920-களில் ஃபிலிஸ் கிரீனேக்கர் என்ற பெண் டாக்டர், அந்த நோயாளிகளைத் தேடிப்பிடித்து விசாரித்தார். குணமானார்கள் என்ற கணக்கு நிற்கவில்லை. ஆபரேஷனில் செத்தவர்களோ நூற்றுக்கணக்கில். அந்த அறிக்கை வெளியே வராமல் அமுக்கப்பட்டது.

"அவர் பொய் சொன்னாரா?" என்று கேட்டேன்.

"இல்லை ஸார். நம்பினார். தன் சொந்தப் பிள்ளைகளோட பல்லையே பிடுங்கவெச்சார். அதைவிட என்ன நம்பிக்கை வேணும்?"

எனக்குப் பேச வாய் வரவில்லை. வெளியே பெஞ்சில், நெற்றியில் கட்டுடன் என் தம்பி உட்கார்ந்திருந்தான்.

டாக்டர் தொடர்ந்தார். மினோசைக்ளினை நம்ப நியாயம் இல்லாமல் இல்லை. அது இரத்தத்திலிருந்து மூளைக்குள் நன்றாகப் புகக் கூடியது. கிருமியைக் கொல்வதோடு, வீக்கத்தைத் தணிக்கும் குணமும் அதற்கு உண்டு. மனநோயில் சிலவற்றுக்கு மூளையில் ஏற்படும் மெல்லிய வீக்கம் காரணமாக இருக்கலாம் என்று ஒரு கொள்கை இருக்கிறது. அதனால்தான் பிரிட்டனில் ஒரு பெரிய சோதனை நடத்திக்கொண்டிருந்தார்கள். பாதிப் பேருக்கு மருந்து. பாதிப் பேருக்கு அதே மாதிரி இருக்கும் வெற்று மாத்திரை. யாருக்கு எது என்பது கொடுக்கிற டாக்டருக்கும் தெரியாது, சாப்பிடுகிறவருக்கும் தெரியாது.

"டாக்டருக்கே தெரியக் கூடாதா? அவரை நம்ப மாட்டார்களா?"

"அவர் நாணயத்தை நம்புவாங்க. கண்ணை நம்ப மாட்டாங்க. ஆசை இருக்கிற கண்ணு ஆசைப்பட்டதைத்தான் பார்க்கும். உங்க கண்ணுக்கு எவ்வளவு ஆசை இருந்திருக்கும், யோசிச்சுப் பாருங்கோ."

"அப்படியானால் ஸீ வியூ ஆஸ்பத்திரியில் பார்த்தவர்கள்?"

"அவங்களும் கண்ணாலேதான் பார்த்தாங்க. அவங்க பார்க்காம இருந்தா ஒண்ணுமே ஆரம்பிச்சிருக்காது. ஆனா அவங்க பார்த்ததை மத்தவங்க சந்தேகப்பட்டுச் சோதிக்க இடம் இருந்தது. ஐப்ரோநியாஸிட் சாப்பிட்டவங்களுக்கு மஞ்சக்காமாலை வர ஆரம்பிச்சதும், 1961-லே அமெரிக்காவிலே அதை வாபஸ் வாங்கிட்டாங்க. மருந்து போச்சு, அது காட்டின வழி நின்னுது. டிரென்டன்லே சந்தேகப்பட்ட பொண்ணோட வாயை அடைச்சாங்க. வித்தியாசம் அவ்வளவுதான்."

கிளம்பும்போது அவர் ஒரு வேலை கொடுத்தார். "ஒரு நோட்டு வாங்குங்கோ. உங்க தம்பி எத்தனை மணிக்கு எழுந்தார், என்ன சாப்பிட்டார், யார்கிட்டே பேசினார்னு தினம் எழுதுங்கோ. அர்த்தம் எழுத வேண்டாம். பார்த்ததை மட்டும் எழுதுங்கோ. அம்மாவும் ஒரு நோட்டிலே தனியா எழுதட்டும். ஒருத்தர் நோட்டை ஒருத்தர் பார்க்கக் கூடாது."

பேருந்தில் வரும்போது எனக்குச் சிரிப்பு வந்தது. இருபது வருஷமாக மனிதர்களைக் கவனித்து எழுதுகிறவன் என்று பேர் வாங்கியவன் நான். எனக்குக் கவனிக்கக் கற்றுக்கொடுக்கிறாராம்! வீட்டுக்கு வந்து அம்மாவிடம் நோட்டைக் கொடுத்து விஷயத்தைச் சொன்னேன். பத்திரிகையை அவன் மடியில் பார்த்த அந்த ஐந்தாம் நாளைப் பற்றி மட்டும் கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன்.

அம்மா என்னை விநோதமாகப் பார்த்தாள். "அவன் தீபாவளி மலரை அப்பவே எடுத்துப் படிச்சானேடா! ரெண்டு மாசமாத் தினம் மத்தியானம் படிக்கறான். படிச்சு முடிச்சு, எடுத்த இடத்திலேயே வெச்சுடறான். நீ எங்கே வீட்டிலே இருக்கே, பார்க்கறதுக்கு?"

என் மாத்திரை செய்த அற்புதம், அந்த மாத்திரையை நான் வாங்குவதற்கு முன்பே நடந்திருக்கிறது. நான் பார்க்க ஆரம்பித்த நாளை அவன் தெளிய ஆரம்பித்த நாள் என்று எடுத்துக்கொண்டேன்.

நோட்டு மூன்று மாதம் ஓடியது. டாக்டர் இரண்டையும் வைத்து ஒப்பிட்டார். நான் 'சோர்வாக இருந்தான்' என்று எழுதிய காலைகளில் அம்மா 'ராத்திரி மாத்திரை லேட்' என்று எழுதியிருந்தாள். மாத்திரை வேளையை அவர் முன்னால் தள்ளிவைத்தார். காலை வேளை கொஞ்சம் கொஞ்சமாகச் சீரடைந்தது. இதுவும் என் கண் சொல்வதுதான். ஆனால் இந்தத் தடவை அம்மாவின் கண்ணும், தம்பியின் வாயும் அதையே சொல்கின்றன.

2018-ல் அந்தப் பிரிட்டிஷ் சோதனையின் முடிவு வெளியாயிற்று. நோய் கண்டு சில வருஷங்களே ஆன 207 பேர். ஒரு வருஷம்வரை மருந்து. மினோசைக்ளின் சாப்பிட்டவர்களுக்கும் வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் வித்தியாசம் இல்லை. டாக்டர் அதைப் படித்துக் காட்டியபோது, நான் நினைத்தது சரியாகப் போய்விட்டது என்று அவர் சந்தோஷப்படவில்லை. "பலிச்சிருந்தா எவ்வளவு நன்னா இருந்திருக்கும்!" என்றுதான் சொன்னார். பழைய மருந்துக்குப் புது வேலை தேடுகிற ஆராய்ச்சி அதோடு நின்றுவிடவில்லை. மயக்க மருந்தாக இருந்த கெடமின் மனச்சோர்வுக்குக் கேட்கிறது என்று சோதனைகள் காட்ட, அதிலிருந்து எடுத்த ஒரு மருந்தை 2019-ல் அமெரிக்காவில் அங்கீகரித்தார்கள். ஒன்று தோற்றது, ஒன்று ஜெயித்தது. எது எது என்று முன்கூட்டித் தெரிந்தால் சோதனையே வேண்டாமே!

அந்த அம்மாளுக்கு நான் எழுதிய பதில் சிறியது. பத்திரிகைத் துண்டை டாக்டரிடம் எடுத்துப் போய் மேஜைமேல் வையுங்கள். இன்னொரு தடவை சிரித்தால் வேறு டாக்டரிடம் போங்கள். ஆனால் கடைக்குப் போகாதீர்கள். இப்போது சாப்பிடுகிற மருந்தை நிறுத்தாதீர்கள். ஒரு நோட்டு வாங்குங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, பையனிடம் சொல்லாமல் அவன் வாயில் எதையும் போடாதீர்கள்.

கடைசி விஷயத்தை நான் ஏன் அழுத்தி எழுதினேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கட்டுரையை எழுதி முடித்ததும், இதில் அவன் விஷயம் இருப்பதால், அச்சுக்குக் கொடுக்கலாமா என்று தம்பியிடமே படிக்கக் கொடுத்தேன். ரேழி நாற்காலியில் உட்கார்ந்து நிதானமாகப் படித்தான்.

"போடலாம். ஒரு தப்பு இருக்கு" என்றான்.

"என்ன?"

"நீ குடுத்தது பதினோரு மாத்திரை இல்லை, அண்ணா. பன்னண்டு. ஒரு நாள் மறந்துபோய் ரெண்டு தடவை குடுத்தே."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"வைட்டமின் மாத்திரை எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதா?"

சிறிது நேரம் என்னால் பேச முடியவில்லை. "தெரிந்துமா சாப்பிட்டாய்?" என்று கேட்டேன்.

அவன் காகிதங்களை அடுக்கி என்னிடம் நீட்டினான். "நீ அவ்வளவு ஆசையா குடுத்தே" என்றான்.